ஒலிவாங்கியோடு வாசலுக்கு வரும் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஊடக மாணவர்களுக்கு உள்ளகப் பயிற்சி அவசியமா என்று கேட்டால் அவசியம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இந்தத் துறையைப் படிக்கும் பிள்ளைகள், படிப்பு முடிவதற்குள் ஏதாவதொரு ஊடக நிறுவனத்தில் சில வாரங்களோ சில மாதங்களோ இருந்துவிட்டு வருகிறார்கள். பதிவேட்டில் கையொப்பம், ஒரு சான்றிதழ், பிறகு வேலை கிடைக்குமா என்ற கவலை. இது பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பிராந்தியச் செய்தியாளராக நீண்டகாலம் அலைந்துவிட்டு, இப்போது மற்றவர்களின் செய்திகளைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு தினமும் பழகுகிறேன். இந்த விடயத்தில் மாணவர், நிறுவனம், பல்கலைக்கழகம் ஆகிய மூவரையும் தவிர நான்காவது தரப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தப் பக்கத்தை வாசிக்கும் நீங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போராட்டக் கொட்டகையில் இருக்கும் தாயிடமும், மீள்குடியேறிய காணியில் அரைகுறை வீட்டோடு இருக்கும் குடும்பத்திடமும் முதலில் வந்து ஒலிவாங்கியை நீட்டுவது பல சந்தர்ப்பங்களில் இந்தப் பயிற்சிப் பிள்ளைகள்தான்.

செம்மணியை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதத்தில் அகழ்வு தொடங்கியது. அகழ்வு நடந்த நாட்களில் மாலை வேளைகளில் இரண்டு எண்கள் வெளியாகும். ஒன்று, அதுவரை அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள். மற்றையது, அவற்றுள் முழுமையாக அகழ்ந்தெடுக்கப்பட்டவை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் முகப்புத்தகப் பக்கங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகின. சிலவற்றில் கூட்டப்பட்டும் வந்தன. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருவர் அப்படியொரு பக்கத்தைப் பார்த்தே முதல் செய்தியை எழுதிக்கொண்டு வந்தார். வழக்கில் ஆஜராகும் சட்டத்தரணி ஒருவரை அழைத்துக் கேட்கச் சொன்னேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை விரிவுரை மண்டபத்தில் கற்பிக்க முடியாது. தன்னுடைய பிள்ளையும் அந்த எண்ணுக்குள் இருக்குமோ என்று ஒவ்வொரு நாளும் வாசிக்கும் ஒருவருக்கு எண் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதும் அந்த மாணவிக்கு அன்றுதான் விளங்கியது.

எங்களுக்கு முந்திய தலைமுறையில் பலர் எந்தப் பட்டமும் இல்லாமல்தான் இதைப் பழகினார்கள். ஒப்புநோக்குநராகச் சேர்வார்கள். மற்றவர் எழுதியதில் எழுத்துப் பிழை பார்த்துப் பார்த்தே செய்தி எப்படிக் கட்டப்படுகிறது என்று பிடிபடும். பிறகு மூத்தவர் ஒருவரின் சைக்கிளுக்குப் பின்னால் நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் போவார்கள். உள்ளகப் பயிற்சி என்ற பெயர் அதற்கு இருக்கவில்லை, விடயம் அதுதான்.

அந்தத் தொடர் தானாக அறுந்துபோகவில்லை, அறுக்கப்பட்டது. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராம். திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற கதையைப் பொய்யாக்கியவை சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். 2007 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொக்குவிலில் கொல்லப்பட்ட சகாதேவன் நிலக்‌ஷன், யாழ். பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் பயிற்சி மையத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர். உயிர் தப்பியவர்களில் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் ஆசிரியபீடங்களில் இருந்து இளையவர்களின் பிரதிகளைத் திருத்தியிருக்க வேண்டியவர்கள் இவர்கள். ஆகவே தெற்கில் ஒரு மாணவருக்கு உள்ளகப் பயிற்சி வேலைக்கான படியாக மட்டும் இருக்கலாம். இங்கே அந்த அறுந்த இடத்தை மீண்டும் கட்டுவதற்கு இருக்கும் மிகச் சில வழிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வரும் பிள்ளையிடம் ஊடக அறிக்கையைத் தட்டச்சு செய்யக் கொடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் செய்தியை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். யூடியூப்புக்குத் தலைப்புப் போட வைக்கிறார்கள். கெட்ட எண்ணத்தினால் அல்ல; பல அலுவலகங்களில் திருத்துவதற்கே ஆளில்லை. ஆனாலும் மூன்று மாதம் தலைப்புப் போட்ட பிள்ளை, கண்ணீர் எத்தனையாவது நொடியில் வரவேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டு போகும்.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பேட்டி கொடுப்பவர்கள். "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு அம்மா?" என்று இத்தனை வருடம் கழித்தும் கேட்கிறார்கள். படத்தை உயர்த்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். காணொளி எங்கே வெளியாகும், வீட்டு வாசலும் பேரப்பிள்ளையின் முகமும் அதில் தெரியுமா என்று சொல்வதில்லை. அது வெளியான பிறகு விசாரிக்க வருபவர்கள் பயிற்சி மாணவரின் வீட்டுக்குப் போவதில்லை, அந்தத் தாயின் வீட்டுக்குத்தான் போவார்கள். எங்களிடம் வருபவர்களுக்கு முதல் தடவை போகும்போது கமராவை வெளியில் எடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். இரண்டாம் தடவை போய்ப் பதிவு செய்யலாம். வெளியிடும் முன் இன்னொரு முறை கேட்க வேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும். உங்களிடம் யாராவது வந்தால் எந்த நிறுவனம், பொறுப்பான ஆசிரியர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வி மாணவருக்கும் நல்ல பயிற்சி.

மாணவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் கொடுப்பனவு இல்லை. முல்லைத்தீவிலிருந்து வரும் பிள்ளைக்கு பஸ் காசும் மதியச் சாப்பாடுமே பெரிய செலவு. கொழும்பு நிறுவனங்களுக்குப் போகக்கூடியவர்கள் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் உள்ளவர்கள். போரில் அதிகம் இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கே, அந்தக் கதைகளை எழுத மிகவும் பொருத்தமான பிள்ளைக்கே, இந்தக் கதவு பாதி மூடியிருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இரவுப் பயணமும் சேர்கிறது. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டை இவர்களிடம் இல்லை; பொலிஸார் மறித்தால் காட்டுவதற்குப் பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றுதான். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு மாணவரைப் போராட்ட இடத்துக்குத் தனியே அனுப்புவது பயிற்சி அல்ல, பொறுப்பின்மை.

பல்கலைக்கழகங்கள் இதை நிறுவனங்களோடு எழுத்தில் பேசவேண்டும். போக்குவரத்துச் செலவை யார் தருவது, எந்த ஆசிரியர் பொறுப்பு, தனியே எங்கே அனுப்பக்கூடாது என்பவை பயிற்சி தொடங்கும் முன்பே தீர்மானிக்கப்படவேண்டும். பதிவேட்டில் கையொப்பத்தை எண்ணுவதைவிட, திருத்தப்பட்ட பிரதிகளை வாங்கிப் பார்க்கலாம். குறைந்தது இரண்டு வாரமாவது நீதிமன்றத்தில் இருக்கவிடலாம். பி அறிக்கை என்றால் என்ன, தவணை என்றால் என்ன என்று அங்கே இருந்தால்தான் தெரியும்.

இன்னொன்று, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். மூன்று மாதப் பயிற்சி, விண்ணப்பித்துப் பதில் பெறவும் மறுத்தால் மேன்முறையீடு செய்யவும் தாராளமாகப் போதும். ஒரு மாணவர், முந்தைய வீட்டுத்திட்டத்தில் முதல் தவணைப் பணத்தோடு நின்றுபோன வீடுகள் தன் பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை என்று கேட்டு விண்ணப்பித்தார். பதில் பிந்தித்தான் வந்தது, ஆனால் கிராம அலுவலர் பிரிவு வாரியாக வந்தது. அவர் தன் ஊரிலேயே அதை எழுதினார். யாரும் அழவில்லை, சோக இசையும் இல்லை. அந்த ஊர்ச் சனம் பதிலைப் பிரதி எடுத்துக்கொண்டு செயலகத்துக்குப் போனார்கள்.

அடுத்த தொகுதிக்கு நால்வரை எடுக்க முடியுமா என்று துறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இருவரைத்தான் முடியும் என்று பதில் எழுதியிருக்கிறேன். நால்வர் வந்தால் இருவர் தட்டச்சுக்குத்தான் உட்காருவார்கள்.