கேபிள் யார் கையில்?

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சாத்தூர் பக்கம் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் ஒயர் சேரிக்கு வரும். பட்டாசு ஆலைக் கூலியிலிருந்து அம்மா மாதாமாதம் பணம் கட்டுவார். ஊரில் தகராறு என்றால் முதலில் எங்கள் தெருவில்தான் படம் நிற்கும். கேட்டால், "மேலே கோளாறு" என்பார் கேபிள்காரர். உண்மையான 'மேலே' எது என்பது ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

2000களில் தமிழ்நாட்டின் பெரிய கேபிள் நிறுவனம் சுமங்கலி கேபிள் விஷன். சன் குழுமத்துடையது. சேனலும் ஒயரும் ஒரே கையில். கேபிளுக்கு விதி வகுக்கும் டிராய், ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் நிர்வாக வரம்பில் வருவது. 2004 முதல் 2007 வரை அத்துறையின் அமைச்சர் தயாநிதி மாறன், சன் குழுமத் தலைவர் கலாநிதி மாறனின் தம்பி.

2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்த மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், ஆட்சி மாறியது, மசோதா போனது. 2007இல் மாறன்களோடு பிணக்கு வந்த பிறகே திமுக அரசு, அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. 2008 டிசம்பரில் குடும்பம் சேர்ந்தது, நிறுவனம் முடங்கியது. 2011இல் ஜெயலலிதா அதை 70 ரூபாய் கட்டணத்தில் எழுப்பினார். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒயர் குடும்பத்திடமிருந்து ஆளுங்கட்சிக்கு மாறியதே தவிர, நம்மிடம் வரவில்லை.

ஒரு மாநிலச் சந்தையில் பாதிக்குமேல் எந்த கேபிள் நிறுவனமும் வைத்திருக்கக் கூடாது என்று 2013இல் டிராய் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. போதிய போட்டி இருக்கிறது, கட்டுப்பாடு வேண்டாம் என்று 2022இல் அதே டிராய் சொன்னது.

"இப்போது யார் கேபிள் பார்க்கிறார்கள், எல்லாம் போனில்தானே?" என்று கேட்கலாம். போனில் இருக்கும் ஜியோ யாருடையது? ஹாத்வே, டென் கேபிள்களும் நியூஸ்18 தமிழ்நாடு சேனலும் அதே ரிலையன்ஸ் பிடியில்தான். ஒயர் கண்ணுக்கு மறைந்திருக்கிறது, முதலாளி மறையவில்லை.

2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் ஆலை வெடித்து 20 பேருக்குமேல் இறந்தார்கள். இப்படி வெடிக்கும் நாட்களில் எங்கள் தெருக்கள் திரையில் வரும். அழும் பெண்களும் இழப்பீட்டுத் தொகையும் வரும். மருந்து கலக்கும் வேலைக்கு யார் போகிறார்கள், ஏன் வேறு வேலை கிடைக்கவில்லை என்பது வராது. அதைக் கேட்கக்கூடியவர்கள் சேனலின் உரிமையாளர்களாகவும் இல்லை, ஆசிரியர் நாற்காலியிலும் அரிது.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்'கைத் தொடங்கினார். அடுத்தவர் நம்மைப் பேசுவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

சேனல் நடத்துபவர் ஒயர் வைத்திருக்கக் கூடாது. அமைச்சர்களின் பிடிக்கு வெளியே ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும். ஊடக உரிமையாளர், ஆசிரியர் பட்டியல் சாதிவாரியாக வெளிவர வேண்டும். இவற்றைக் கேட்காமல் "கருத்துச் சுதந்திரம்" பேசினால், அது ஒயர் வைத்திருப்பவரின் சுதந்திரம் மட்டுமே.