இணையச் சந்தையிற் பழஞ்சித்திரக்கதையும் விற்போன் வாய்மையும்

ஒரு காலத்திற் குப்பையென எறியப்பட்ட பொருள் பிறிதொரு காலத்திற் பொன்னினும் மிக்க விலை பெறுதல் உலகிற் புதுமையன்று. அவ்வாறு விலை பெற்றவற்றுள் அமெரிக்க நாட்டின் பழைய சித்திரக்கதை இதழ்களும் அடங்கும். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலிய அதிமானுட வீரர்களின் பெயரைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் இலர். அவ்வீரர்களின் கதைகள் வெளிவந்த பழைய இதழ்களை இளமையிற் சேர்த்து வைத்தோர் பலர் இன்று அவற்றை இணையத்தின் வாயிலாக விற்று வருகின்றனர். இவ்விற்பனையில் விற்போனுக்குரிய கடமை யாது என்பது பற்றி எம் கருத்தை ஈண்டுச் சிறிது கூற விரும்புகின்றோம். எங்கோ நடைபெறும் வியாபாரம் நமக்கென்ன என்று வினவுவோர் இருக்கலாம். முகமறியாத ஒருவனுக்கு அவன் கைதொட்டுப் பாராத பொருளை விற்கும் முறை இன்று உலகெங்கும் பரவியுளது. ஆகலின், அதற்குரிய அறத்தை ஒரு சிறு பொருளின்கண் வைத்து ஆராய்தல் பயனுடைத்தென்பது எம் துணிபு.

முதலில் இவ்விதழ்கள் விலை பெற்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இதழாக வெளிவந்தது. அதன் விலை 10 சென்ட். ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டன என்பர். இன்று எஞ்சியிருப்பவை நூறளவினவாகலாம் என மதிப்பிடுகின்றனர். ஏனையவை என்னாயின? சிறுவர் படித்துப் படித்துக் கிழித்தவை பல. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பழங்காகிதம் திரட்டியோரிடம் சென்றவை பல. வீட்டைத் துப்புரவு செய்த தாய்மாரால் எறியப்பட்டவை பல. சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்னும் அச்சத்தால், 1948-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில் அவற்றைக் குவித்துத் தீயிட்டதும் உண்டு. இத்தனை இடர்க்கும் தப்பிய ஒரு பிரதி 2014-ஆம் ஆண்டில் ஈபே என்னும் இணைய ஏலச் சந்தையில் 32 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

ஆயின், தப்பிய பிரதிகள் யாவும் ஒரே விலை பெறுவனவல்ல. இவ்விதழ்கள் மலிவான செய்தித்தாட் காகிதத்தில் அச்சானவை. அக்காகிதத்திலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள், ஒளியும் காற்றும் படப்படத் தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். எனவே, தாள் வெண்மை குன்றாமலும் மேலட்டை மடியாமலும் இருக்கும் பிரதிக்கே உயர்ந்த விலை. ஸ்பைடர்மேன் தோன்றிய 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழ் 1962-ஆம் ஆண்டில் 12 சென்டுக்கு விற்றது. அதன் மிகச் சிறந்த பிரதிகளுள் ஒன்று 2021-ஆம் ஆண்டில் 36 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதே இதழின் மிகச் சிதைந்த பிரதிகளோ அதில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவாகவே விலைபோகும். கதை ஒன்றே, எழுத்து ஒன்றே, படமும் ஒன்றே. விலை மட்டும் நிலையைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றது.

நிற்க. தாம் போற்றிய இதழ்களை ஒருவர் விற்பது இழிவென்று யாம் கருதுகின்றிலம். மக்களின் கல்விச் செலவு, நோய், முதுமை, வீட்டில் இடமின்மை எனக் காரணம் பலவாகலாம். பெட்டியில் அடைந்து கிடப்பதினும், விரும்பிப் பேணுவோன் கையிற் சேர்வது அவ்விதழுக்கும் நன்றே. எச்சொல்லைச் சொல்லி விற்பது என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டுவது.

கடைக்குச் சென்று வாங்குவோன் இதழைக் கையிலெடுத்துப் புரட்டுகின்றான்; பக்கங்களை எண்ணுகின்றான்; ஈர நாற்றம் உளதோவென முகர்ந்தும் பார்க்கின்றான். இணையத்தில் வாங்குவோனுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அவன் காண்பன சில புகைப்படங்களும் சில வரிகளுமே. அவற்றை நம்பிப் பணத்தை முன்னர்ச் செலுத்துகின்றான். பொருள் பின்னரே வருகின்றது. ஆகவே, முதற்கண் அவன் விலைகொடுத்துப் பெறுவது விற்போனுடைய சொல்லையேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். 1974-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழ், வூல்வரின் என்னும் வீரன் முழுமையாகத் தோன்றிய முதல் இதழாதலின் மிக்க விலையுடையது. அக்காலத்தில் மார்வெல் பதிப்பகத்தார் தம் இதழ்களின் உட்பக்கத்தில் தபால்தலை போன்ற சிறு படங்களை அச்சிட்டு, அவற்றை வெட்டிச் சேர்க்குமாறு சிறுவரை ஊக்கினர். பதிப்பகத்தார் சொற்கேட்டு அன்று ஒரு சிறுவன் கத்தரித்தெடுத்த அச்சிறு சதுரம் இன்று அப்பிரதியின் விலையில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகின்றது. மேலட்டையோ பளபளப்பு மாறாதிருக்கும். புகைப்படத்தில் ஒரு குறையும் தோன்றாது. குறை உள்ளேயிருக்கின்றது, அதனை அறிந்தோன் விற்போன் ஒருவனே. அவன் அதனை உரையாது விடுப்பின், பொய்ச்சொல் ஒன்றும் கூறாமலே பொய்த்தவனாகின்றான்.

மறைத்தற்கு வேறு வழிகளும் பல. மங்கிய மேலட்டைக்கு வண்ணந்தீட்டுவர். கிழிந்த ஓரத்தை நேராக வெட்டிவிடுவர். துருவேறிய கம்பிகளை நீக்கிப் புதுக்கம்பி இடுவர். இவை செய்யப்பட்டமை தெரியின் விலை வெகுவாகக் குறையும் என்பதனாலேயே சிலர் தெரிவியாது விடுகின்றனர். மறுபதிப்பை மூலப்பதிப்பெனக் காட்டுதல் பிறிதொரு வகை. 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பதிப்பகத்தாரே 1974-ஆம் ஆண்டில் பெரிய அளவில் மறுபதிப்பாக, வேறொரு வெளியட்டை இட்டு வெளியிட்டனர். அவ்வெளியட்டையை நீக்கி, உள்ளிருந்ததை 1938-ஆம் ஆண்டின் இதழென விற்க முற்பட்டோரும் உளர். அளவை ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். அளவு புலப்படாத புகைப்படத்திலோ அது மறைந்துவிடும்.

'அரிது' என்னும் சொல்லும் இச்சந்தையில் மிக எளிதாய் வழங்குகின்றது. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயிற்று. பிற்காலத்தில் விலையேறுமென்று கருதிப் பலர் அதனை வாங்கிப் பிரித்தும் பாராமற் பாதுகாத்தனர். எல்லோரும் பாதுகாத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? அதனை அரியதென விளம்பரஞ் செய்வோன் அச்சொல்லின் பொருளையே கெடுக்கின்றான்.

இனி, இதற்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றை ஆராய்வாம். வாங்குவோன் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். விற்போன் தன் பொருளின் குறையைத் தானே பறைசாற்ற வேண்டுவதில்லை என்பர் சிலர். பார்த்து வாங்கும் சந்தையில் இதற்கு ஓரளவு இடமுண்டு. பார்க்கவியலாத இடத்தில் எச்சரிக்கை எதனைக் கொண்டு செய்வது? ஜார்ஜ் ஏகர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டி இதனை ஆராய்ந்தார். நல்லதையும் தீயதையும் வாங்குவோன் பிரித்தறிய இயலாவிடின், அவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவான். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையோன் விற்க இசையான். அவன் விலகத் தீய வண்டிகளே சந்தையில் மிகும். விலை மேலும் தாழும். இவ்வாய்வுக்காக அவர் 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒருவன் மறைத்த குறை அவனிடம் வாங்கியோனை மட்டுமன்றி, நேர்மையாய் விற்கும் ஏனையோரையும் வருத்துமென்பது இதனாற் பெறப்படும்.

தரம் மதிப்பிடும் நிறுவனங்கள் உளவே என்பர் வேறு சிலர். உண்மை; 2000-ஆம் ஆண்டு முதல் சி.ஜி.சி. என்னும் நிறுவனம் கட்டணம் பெற்று இதழ்களை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனையென மதிப்பெண் இட்டுக் கெட்டியான கண்ணாடி போன்ற உறையில் மூடி அனுப்புகின்றது. இஃது ஒரு நற்றொண்டே. ஆயினும், சில டாலர் பெறும் இதழுக்கெல்லாம் கட்டணம் செலுத்துதல் எவர்க்கும் கட்டுபடியாகாது. இச்சந்தையில் மிகுதியாய் விற்பன அத்தகையவையே. அன்றியும், அவ்வுறையைத் திறந்து தாழ்ந்த பிரதியை உள்ளே வைக்கும் மோசடியும் தோன்றி, 2024-ஆம் ஆண்டில் ஐயத்திற்குரிய பிரதிகளின் பதிவெண்களை அந்நிறுவனமே வெளியிட நேர்ந்தது. முத்திரை வாய்மைக்குத் துணையாகலாம். அதற்கு ஈடாக மாட்டாது.

குறையைக் கூறின் விலை குறையுமே என்பது மூன்றாவது மறுப்பு. குறையும், அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், குறைந்த அவ்விலையே அப்பொருளின் உண்மை விலை. அதற்குமேற் பெற்றது பிறன் பையிலிருந்து அவன் அறியாமல் எடுத்ததாகும். குறையனைத்தும் கூறுவோனிடம் வாங்கியோர் மீண்டும் வருவர் என்பதும் உண்டு. விற்போரைப் பற்றி வாங்கினோர் கருத்துரைக்கும் முறையை ஈபே 1996-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியது இது பற்றியே. எனினும், இலாபம் வருமென்பதற்காக வாய்மை பேசவேண்டுமென்று யாம் கூறோம். ஒரே முறை விற்று விலகும் ஒருவனுக்குப் பெயரால் வரும் இலாபம் ஒன்றுமில்லை. கடமை மட்டும் அவனுக்கும் உண்டு. கள்ளத்தராசைக் கண்டிக்கும் வேதவசனத்தை நம் கல்லூரிக் காலை வழிபாட்டிற் கேளாதார் இலர். தராசு இல்லாத இச்சந்தையில் விற்போன் எழுதும் வரிகளே தராசு.

அறிந்தோன் அறியாதோனுக்கு உண்மையுரைத்தல் வேண்டுமெனின், இக்கடமை சில வேளை வாங்குவோன் மேலும் விழும். தந்தை விட்டுச்சென்ற பெட்டியை மதிப்பறியாத மகள் விற்க முன்வரும்போது, உள்ளிருப்பதன் விலையை நன்கறிந்த வியாபாரி பழங்காகித விலையைக் கூறி எடுத்துச் செல்லுதல், முன்னர்க் கூறிய மறைப்பினின்று எவ்வகையிலும் வேறன்று. வியாபாரிக்கு நியாயமான இலாபம் உரியது. பிறர் அறியாமை அவன் முதலாகலாகாது.

ஆயின், விற்போன் செய்யவேண்டுவது யாது? பக்கங்களை எண்ணிப் பார்த்தல். நடுத்தாள் கம்பியிற் பொருந்தியுளதா எனக் காணல். மேலட்டை இருபுறமும், முதுகும், குறையுள்ள இடமும் தெளிவாய்த் தெரியப் படமெடுத்தல். வண்ணந்தீட்டல், வெட்டல், ஒட்டல் ஆகியவற்றுள் தான் அறிந்தன யாவும் எழுதுதல். தான் ஆராய்ந்து பாராததைப் பாராததென்றே கூறுதல். தரமதிப்பு தன் கருத்தேயாதலின் ஐயமுள்ள இடத்தில் ஒருபடி தாழ்த்தியே கூறுதல். மாறுபாடு காணின் திரும்பப் பெற இசைதல். இவற்றுள் ஒன்றேனும் அருஞ்செயலன்று. ஓரிதழுக்கு அரைமணி நேரமும் சிறிது மனத்திட்பமும் போதும்.

அவ்விதழ்களின் வீரர்கள் வலியோர் வஞ்சனைக்கு எதிராய் எளியோர் பக்கம் நின்றவர்கள். அவர்கள் கதையை வாங்கிப் படித்த சிறுவன் வளர்ந்து, அதே இதழை வஞ்சனையால் விற்பானாயின், அவன் தாளைப் பேணினானேயன்றிக் கதையைப் பேணவில்லை என்றே கொள்ளவேண்டும். நம் மாணவ நண்பர்கள் நாளை பழம் புத்தகமோ, மிதிவண்டியோ, கைபேசியோ இணையத்தில் விற்க நேருங்கால், விலையை எழுதுமுன் குறையை எழுதும் வழக்கத்தைக் கைக்கொள்வாராக.