பொம்மைக் கப்பலுக்கு இத்தனை ஆராய்ச்சியா?

3 அடி நீளமுள்ள பொம்மைக் கப்பல். அதன் மேல்தளத்தில் எத்தனை பலகை, எத்தனை துவாரம் என்று அறிய மாதக் கணக்கில் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள் சிலர். பழைய போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

"வேலையற்றவர்கள்!" என்று சிரிக்கத் தோன்றும். அந்த ஆராய்ச்சி என்ன என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

அவர்கள் செய்வது, 2-வது உலகப் போரில் ஹிட்லரின் கடற்படை ஏவிய நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரி. "யு-போட்" என்று பெயர். அதில் "7-சி" என்ற வகைதான் மிக அதிகமாகக் கட்டப்பட்டது. அசல் கப்பலின் நீளம் 220 அடி. 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 3 அடி.

மரப்பலகை ஏன்?

இரும்புக் கப்பலின் மேல்தளத்தில் மரப்பலகை பதித்திருந்தார்கள். ஏன்? நனைந்த இரும்பில் கால் வழுக்கும். மரத்தில் கால் நிற்கும்.

பலகைகளுக்கு இடையே சந்து விட்டிருந்தார்கள். பக்கவாட்டில் வரிசையாகத் துவாரங்கள். ஆட்கள் இருந்தது தளத்துக்குக் கீழே, கனத்த எஃகுக் கூட்டுக்குள். கூட்டுக்கும் தளத்துக்கும் நடுவே கடல் நீர் தாராளமாக வந்து போகும்.

எதிரி விமானம் தெரிந்தால் சுமார் அரை நிமிடத்தில் கப்பல் மூழ்கியாக வேண்டும். தளத்தின் அடியில் காற்று சிக்கினால் தாமதம். தாமதித்தால் மரணம். அந்தச் சிறு சந்து, சுமார் 50 பேரின் உயிர்!

பீரங்கி எங்கே?

போரின் தொடக்கத்தில் முன்தளத்தில் ஒரு பீரங்கி இருந்தது. 1943-ல் நிலைமை மாறியது. நேச நாட்டு விமானங்கள் கடல் முழுவதும் வட்டமிட்டன. மேலே வந்து நின்று பீரங்கியால் சுட நேரம் ஏது? பெரும்பாலான கப்பல்களில் அதைக் கழற்றி விட்டார்கள். கோபுரத்தின் பின்புறம் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் பெருகின.

வேட்டைக்காரன் வேட்டையாடப்பட்ட கதையை, அந்தத் தளமே சொல்லி விடுகிறது.

அசலும் ஏமாற்றும்!

"அசல் கப்பலைப் பார்த்துச் செய்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது.

ஜெர்மனியில் லாபோ என்ற கடற்கரை ஊரில் "யு-995" நிற்கிறது. 1972 முதல் அது காட்சிக் கப்பல். ஆனால், போருக்குப் பின் அது நார்வே கடற்படையில் வேலை செய்த கப்பல். பிறகுதான் போர்க்காலத் தோற்றத்துக்கு மாற்றினார்கள்.

"யு-505" கப்பலை 1944 ஜூன் 4-ந் தேதி அமெரிக்கக் கடற்படை பிடித்தது. 1954-ல் அது சிகாகோ அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. 50 ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. 2004-ல்தான் கூரைக்குள் வந்தது. வெயிலும் பனியும் மரத்தைச் சும்மா விடுமா?

ஆகவே ஒரே சாட்சியை நம்பக் கூடாது. படம் எந்த ஆண்டில் எடுத்தது, கப்பல் எந்த ஆண்டில் மாறியது என்று ஒத்துப் பார்க்க வேண்டும். காதில் விழுந்ததை எல்லாம் உண்மை என்று நம்புகிறவர்கள், இந்தப் பொம்மைக்காரர்களிடம் பாடம் படிக்கலாம்.

எண்ண வேண்டிய கணக்கு

ஆனால், பலகையை எண்ணினால் மட்டும் போதாது. யு-போட்டுகளில் போனவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். சுமார் 30 ஆயிரம் பேர் திரும்பவில்லை. 4 பேரில் 3 பேர்! அவர்கள் மூழ்கடித்த சரக்குக் கப்பல்கள் 2,500-க்கு மேல். அவற்றோடு ஆயிரக்கணக்கான மாலுமிகள் மாண்டார்கள். இந்திய மாலுமிகளும் அதில் உண்டு.

மேஜை மீது வைத்த மாதிரிக் கப்பலைப் பார்த்து, "அப்பா, இது என்ன?" என்று பிள்ளை கேட்கும். "வீரக் கப்பல்" என்று சொல்லி முடித்து விடக் கூடாது. பலகையின் கணக்கோடு, மாண்டவர்களின் கணக்கையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த ஆராய்ச்சி முழுமை பெறும்.