மனையை மிதிக்காதவர் போட்ட பிளான்

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சித்திரை வெயிலில் ஒரு வீட்டைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கையில் வந்த பணத்தையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. பால் காய்ச்சி மூன்று வருடம்கூட ஆகவில்லை. முன்னறைச் சுவரில், ஜன்னல் மூலையில் தொடங்கித் தரைவரை சாய்வாக ஒரு விரிசல். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அதில் செருகிப் பார்த்தேன், உள்ளே போனது. “ஐப்பசி மழை விழுந்தா தானா மூடிக்குது சார், கோடை வந்தா திரும்பவும் வாயத் திறந்துக்குது” என்றார் ஆசிரியரின் மனைவி. வருடா வருடம் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, ஓய்ந்துபோயிருந்தார்கள்.

சிமென்டிலும் கம்பியிலும் குறை இல்லை. கொத்தனார் வேலையும் சுத்தம். பிசகு அஸ்திவாரத்தில். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாலடி வானம் தோண்டிக் கட்டிய அஸ்திவாரம் அந்த மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். சுவர் எப்படித் தாங்கும்? பிளானை வரைந்தது வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு அலுவலகம். கைப்பேசிக்கே வரைபடம் வந்துவிட்டது, விலையும் மலிவு. மனை எத்தனை அடி, எந்தத் திசை பார்த்தது என்று கேட்டவர்கள், மண் என்ன மண் என்று கேட்கவில்லை.

கரிசலுக்கு வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதை உருவாக்கித் தந்துவிட்டது. மண்ணில் துளை போட்டு, அடியில் அதைக் குடம்போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். அந்த அகலம் தூணின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில், ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குக் கீழே, அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற ஆர்க்கிடெக்ட் யாரும் மனையில் கால் வைத்ததுமே இதைத்தான் பேசுவார்.

அதே வீட்டில் வடக்குச் சுவருக்குச் சன்ஷேடே இல்லை. வெயில் தெற்கே இருந்துதான் வரும் என்று நினைத்து வரைந்திருக்கிறார்கள். டெல்லிக்கு அது சரி, அங்கே நண்பகல் சூரியன் ஒருபோதும் வடக்கே போவதில்லை. கோவில்பட்டியில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். மேற்கே ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வேறு. ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, புழுதியை வாரிக்கொண்டு வந்து அந்த ஜன்னலில்தான் மோதுகிறது. படத்தில் அழகாக இருந்த ஜன்னலை அவர்கள் திறப்பதே இல்லை.

உள்ளூர்க்காரரை வையுங்கள் என்று நான் சொல்வது ஊர்ப்பாசத்தால் அல்ல. எந்தத் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு, அதைக் கான்கிரீட்டில் ஊற்றினால் கம்பி எத்தனை வருடத்தில் துருவேறும், எந்தக் கொத்தனாரிடம் வளைவு கட்டும் கை இன்னும் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே பல வீடுகளைக் கட்டி, அந்த வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் வருகிறவருக்குத்தான் தெரியும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பிறப்பால் ஆங்கிலேயர். ஆனாலும் கேரளத்தின் மழையையும் மண்ணையும் உள்ளூர்க் கைவினைஞர்களின் திறமையையும் அறிந்து கட்டினார். செங்கல்லைக் குத்தவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் எழுப்பிய சுவர்களில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமானது. வெற்றிடம் வெப்பத்தையும் தடுத்தது.

பிளான் போட்டுத் தருகிறவர் எல்லாரையும் நாம் ‘இன்ஜினீயர்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக் கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆனால், அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டை வரைய மற்றவர்களுக்குத் தடையில்லை. ஆகவே விசாரிக்க வேண்டிய பொறுப்பு வீடு கட்டுகிறவருடையது. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்தப் பொறுப்பு 2024 ஜூலைக்குப் பிறகு இன்னும் கூடியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் இப்போது சுயசான்று முறையில் இணையவழியாக உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் நான் மனதார வரவேற்கும் திட்டம் இது. ஆனால், அந்த அனுமதியை வைத்து வீடு உறுதியானது என்று நினைத்துவிடக் கூடாது.

“காகிதத்துக்கா இவ்வளவு காசு?” என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. காகிதத்துக்கு மட்டும் என்றால் அது அதிகம்தான். அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து நின்று பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. எத்தனை தடவை வருவார், மின்சாரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தனித்தனி வரைபடம் தருவாரா என்பதை முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாரும் நல்லவர்களும் அல்ல. மச்சானின் நண்பர் என்பது ஒரு தகுதி ஆகாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் கட்டிய வீட்டுக்கு, சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குப் போய் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். மழையில் எங்கே ஒழுகியது என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஊரில் ஆர்க்கிடெக்ட் இல்லையென்றால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவரைப் பேருந்துச் செலவு கொடுத்து வரவழையுங்கள்.

நூல் பிடிக்கும் நாளுக்கு முன்னால் கூப்பிடுங்கள். விரிசலைக் காட்டக் கூப்பிடும்போது எங்களால் செய்ய முடிவது மிகவும் கொஞ்சம்.

- கட்டுரையாளர், கட்டடக் கலைஞர்.