இ20 பெட்ரோல்: கலப்பு தொடர வேண்டும், இ10-உம் கிடைக்க வேண்டும்

இந்தியாவின் பெட்ரோல் பங்க்குகளில் இன்று விற்கப்படும் சாதாரண பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பாகம் எத்தனால்; அதனால்தான் அதற்கு இ20 என்று பெயர். 2003-இல் 5 விழுக்காட்டுக் கலப்பாகத் தொடங்கிய திட்டம் 2022 ஜூனில்தான் 10 விழுக்காட்டை எட்டியது. அதன்பின் வேகம் கூடியது. 20 விழுக்காட்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட ஆண்டு 2030. அது ஐந்தாண்டு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் மட்டும் அறிமுகமான இ20, 2025-க்குள் நாடெங்கும் பரவி, இ10-ஐ அநேகமாக இல்லாமலே செய்துவிட்டது.

எத்தனால் கலப்பு தொடர வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ஆனால் இ20-க்காக வடிவமைக்கப்படாத வண்டிகளின் உரிமையாளர்களுக்கு வேறு வழியே வைக்காமல் அதைத் திணித்தது சரியல்ல. குறைந்த ஆற்றல் உள்ள எரிபொருளை அதே விலைக்கு விற்பதும் நியாயமல்ல.

கலப்பை ஆதரிக்கக் காரணங்கள் வலுவானவை. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகிறது. எத்தனாலுக்குச் செலவாகும் பணம் உள்நாட்டு ஆலைகளுக்கும் விவசாயிகளுக்கும் போகிறது. எத்தனாலின் ஆக்டேன் அளவும் உயர்வு. அதற்கேற்ப அமைந்த எஞ்சினில் அது நன்றாகவே எரியும்.

சிக்கல் ஆற்றலில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. எத்தனாலில் 21 மட்டுமே. ஐந்தில் ஒரு பாகம் எத்தனாலானால், கலவையின் ஆற்றல் கலப்பில்லாத பெட்ரோலைவிட 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்பது எளிய கணக்கு. நிதி ஆயோக்கின் நிபுணர் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது: பழைய வடிவமைப்புக் கார்களில் 6-7 விழுக்காடு, இருசக்கர வாகனங்களில் 3-4 விழுக்காடு, இ20-க்கு ஏற்பச் சீரமைத்த கார்களில் 1-2 விழுக்காடு மைலேஜ் குறையலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார் 6 விழுக்காடு இழந்தால், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 400 ரூபாய்க்கு மேல். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு இது சிறிய தொகையல்ல.

மைலேஜைவிட அதிகம் கவலை தருவது பழைய வண்டிகளின் உதிரி பாகங்கள். 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக், உலோகப் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. சாலையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. கார்புரேட்டர் வைத்த பைக்கில் பெட்ரோல் ஹோஸும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பலாம், பிறகு விரிசல் விடலாம்; கார்புரேட்டரின் ஊசி முனை சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழியும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில், ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குக் குழாய் போவதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான். எல்லா வண்டிக்கும் இப்படி நேரும் என்பதில்லை. நேர்ந்தால் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது என்பதே குறை.

மற்ற நாடுகள் இதை வேறுவிதமாகக் கையாண்டன. பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக இ5-ஐ உயர்தர பெட்ரோலாகத் தொடர்ந்து விற்றது. அமெரிக்காவில் இ15 பெட்ரோலை 2001-ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். மற்ற வண்டிகளுக்கு ஆகாது என்று பம்பிலேயே அறிவிப்பு உண்டு. பிரேசிலின் கலப்பு இன்னும் அதிகம், 2025 ஆகஸ்டிலிருந்து 30 விழுக்காடு. ஆனால் அங்கே 1975 முதலே எத்தனால் திட்டம் நடக்கிறது, பெட்ரோல், எத்தனால் இரண்டையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் கார்கள் 2003 முதல் விற்கின்றன, எத்தனாலுக்குத் தனி பம்ப்பும் இருக்கிறது. பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அங்குள்ள ஓட்டுநர் எத்தனால் போடுவார். விலையும் ஆற்றலும் பொருந்துகின்றனவா என்று அவரே முடிவு செய்கிறார்.

நிதி ஆயோக் அறிக்கையே மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச்சலுகையைப் பரிந்துரைத்திருந்தது. 2025-இல் எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு சுமார் 71 ரூபாய். ஆகவே எண்ணெய் நிறுவனங்களால் விலையைக் குறைக்க முடியாது என்று அரசு விளக்குகிறது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். அப்படியானால் விட்டுக்கொடுக்க வேண்டியது கலால் வரியும் மாநில வாட் வரியும்தான். இ20-ஐ எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டதால், இனித் தீர்வு அரசுகளின் கையில் இருக்கிறது.

எத்தனால் எதிலிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கரும்பு தண்ணீரை அதிகம் கேட்கும் பயிர். 2024-25-க்கு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து 52 லட்சம் டன் அரிசி எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. மக்காச்சோளமும் பெருமளவில் ஆலைகளுக்குப் போகிறது. அதையே முதன்மைத் தீவனமாகக் கொண்ட நாமக்கல் கோழிப்பண்ணைகள் அதே சந்தையில் ஆலைகளோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. ஆகவே 20 விழுக்காட்டுக்கு மேல் கலப்பை உயர்த்தும் யோசனையை இந்த அமைப்பு இப்போது ஏற்கவில்லை. வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற கழிவிலிருந்து எடுக்கும் எத்தனால் போதிய அளவு வரும்வரை அந்தப் பேச்சைத் தள்ளிவைக்க வேண்டும்.

பெட்ரோல் செலவை உண்மையில் குறைப்பவை ஹைபிரிட், மின்சார வண்டிகள். ஹைபிரிட் கார் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேமித்து, நகர நெரிசலில் பயன்படுத்துகிறது. மின் மோட்டாரோ தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பெட்ரோல் எஞ்சின் பாதிக்கு மேல் வெப்பமாக இழக்கிறது. அரசின் ஊக்கத்தொகை முதலில் போக வேண்டிய இடம் இந்த வண்டிகளும் அவற்றுக்கான சார்ஜிங் நிலையங்களும்.

இடைப்பட்ட காலத்துக்கு இந்த அமைப்பு கோருவது இதுதான். ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் விழுக்காட்டைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் பெரிதாக எழுத வேண்டும். நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ், இ20-இல் சோதித்த மைலேஜாக இருக்க வேண்டும். இ20 போட்டதைக் காரணம் காட்டி வாரண்டியோ காப்பீடோ மறுக்கப்படாது என்பது எழுத்தில் வர வேண்டும். தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். 2023 மார்ச்சில் பதிவான வண்டிக்கு அது 2038 மார்ச்சில் முடியும். அதுவரை ஒவ்வொரு தாலுகாவிலும் குறைந்தது ஒரு பங்க்கிலாவது இ10 கிடைக்க வேண்டும்.