சுவரில் சினிமா: வாங்க முதல் இந்தக் கணக்கைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. தேற்றாத்தீவு, களுதாவளை, செட்டிபாளையம் பக்கம் "வீட்டுக்குள்ள தியேட்டர்" என்று காசு எண்ணிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன் போன மாதம் வீட்டுக்குக் கூப்பிட்டார். மூத்த மகன் கட்டாரில். அவன் எட்டு மாதம் மிச்சம்பிடித்த காசில் ஒரு அல்ட்ரா ஷோர்ட் த்ரோ புரொஜெக்டர் வந்திருந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே 100 அங்குலப் படம் விழும் சாமான். பின்னேரம் நாலு மணி. போட்டுக் காட்டினார். படத்தில் முகம் எது, சட்டை எது என்று தெரியவில்லை.

"என்ன சேர், சோறு வடிச்ச கஞ்சி மாதிரிக் கிடக்கு?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போனது. வாங்க முதல் அவர் என்னிடம் கேட்டவர். "நல்லதுதான் அண்ணன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான். அந்தப் பிழைக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் நியாயமாகப் பேசுவோம். இந்தச் சாமான் மோசடி இல்லை. சாதாரண புரொஜெக்டருக்கு 100 அங்குலப் படம் விழ ஏறத்தாழ 3 மீற்றர் தூரம் வேண்டும். நம் வீடுகளில் பாதி ஓட்டுக்கூரை, சீலிங் கிடையாது. எங்கே தொங்கவிடுவது? நடுவில் வைத்தால் ஆள் போகும்போதெல்லாம் தலையின் நிழல். அந்தத் தலையிடிக்கு இது நல்ல மருந்துதான். லேசர் விளக்கு 20,000 மணித்தியாலம் என்கிறார்கள். தினம் 4 மணித்தியாலம் பார்த்தாலும் 13 வருடம்.

அப்படியென்றால் பிழை எங்கே? விற்கிறவர் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதில்.

ஒன்று, வெளிச்சம். பகலிலும் பார்க்கலாம் என்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போடுவோம். 100 அங்குலப் படத்தின் அகலம் 221 சென்ரிமீற்றர், உயரம் 125. பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீற்றர். 2,500 லூமன் ஒளியை அதில் பரப்பினால் 900 லக்ஸ். கிறில் யன்னல் திறந்த நம் ஹோலில் பகலில் சுவரில் ஏற்கனவே 300 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். கறுப்பு வெளிச்சம் அடிக்க எந்தப் புரொஜெக்டராலும் முடியாது. ஆகவே படத்தின் கறுப்பு 300, வெள்ளை 1,200. நாலு மடங்கு வித்தியாசம்தான். அந்தக் கஞ்சி அங்கேதான் வடிந்தது.

இரண்டு, சுவர். ஒளி கீழிருந்து சரிந்து ஏறுகிறது. மேல் விளிம்பில் 1 மில்லிமீற்றர் புடைப்பு இருந்தால் 3 மில்லிமீற்றர் நிழல் விழும். நம் மேசன்மார் பூசிய சுவரில் ஒரு ரோச் லைற்றைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், குளத்து அலை தெரியும். இதற்கென்றே தனித் திரை இருக்கிறது: மேலிருந்து வரும் வெளிச்சத்தை விழுங்கி, கீழிருந்து வருவதை மட்டும் நம் பக்கம் திருப்பும். அதன் விலையை விளம்பரத்தில் கண்டீர்களா? மலிவான சுருள் திரை சரிவராது. ஃபேன் காற்றில் திரை ஆட, கதாநாயகனின் மூக்கும் ஆடும்.

மூன்று, பிள்ளைகளின் கேம். பொத்தானை அமத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் இடையில் ஒரு தாமதம் இருக்கும். 20 மில்லிசெக்கன் அளவில் இருந்தால் பரவாயில்லை. 50ஐத் தாண்டினால் பந்து விக்கெற்றில் பட்ட பிறகுதான் துடுப்பு அசையும். கோணலான படத்தை மெனுவில் போய் நிமிர்த்தினால் பல கருவிகளில் தாமதம் கூடும், தெளிவும் குறையும். அதனால் கருவியையே நேராக வைக்க வேண்டும். 1 சென்ரிமீற்றர் பின்னே தள்ளினால் படம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் அகலும். கூட்டும்போது தும்புத்தடி தட்டினாலே போதும்.

நாலு, கண். கருவி இருப்பது முழங்கால் உயரத்தில், லென்ஸ் மேலே பார்த்தபடி. தவழ்கிற பிள்ளை எட்டிப் பார்க்கும் உயரம் அதுதான். கிட்டப் போனால் ஒளியைக் குறைக்கும் சென்சர் உள்ளதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மேலே பார்த்த லென்ஸில் தூசும் உப்புக்காற்றும் படியும் என்பதையும் மறக்காதீர்கள்.

இதைவிடக் கேடு, முகநூல் விளம்பரத்தில் வரும் மலிவுப் பெட்டிகள். "9000 லூமன், 4கே சப்போர்ட்" என்பார்கள். அன்சி லூமன் எத்தனை என்று கேளுங்கள், பதில் வராது. சப்போர்ட் என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கும் என்றுதான் அர்த்தம். சுவரில் அடிப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

"வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை" என்று சிலர் கேட்பார்கள். விற்கிறவர்களில் என் சொந்தக்காரரும் உண்டு, அவர்களும் ஏசுவார்கள். ஏசட்டும். பாலைவன வெயிலில் பிள்ளை உழைத்த காசு அது. பார்த்து வாங்கச் சொல்வது வியாபாரத்தைக் கெடுப்பதாகாது.

என் முடிவு இதுதான். ஹோலில் பகலும் இரவும் குடும்பமாகப் பார்ப்பதென்றால் 65 அங்குல ரி.வி ஒன்று போதும். இருட்டாக்கக்கூடிய தனி அறை, திரைக்கும் சேர்த்துக் காசு, பழுதானால் எங்கே திருத்துவது என்பதற்கு எழுத்தில் பதில், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்போதும் கடையின் இருட்டறையில் பார்த்து மயங்க வேண்டாம். லைற்றைப் போடச் சொல்லுங்கள், பிள்ளையையும் கூட்டிப்போய் ஒரு கேம் விளையாட விடுங்கள். மாட்டேன் என்றால் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

அந்த அண்ணன் வீட்டில் இப்போது இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் படம். யன்னலுக்குத் தடித்த சீலை போட்டிருக்கிறார்கள், காற்று வராது. மகனுக்கு மட்டும் "படம் நல்லா இருக்கு மனே" என்று சொல்லியிருக்கிறார்.