75,000 ரூபாயைச் செலவழிப்பது யார்?

தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம் பகுதி அரசுப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கூடும் பெற்றோர் கூட்டத்தைப் பலரும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்றே நினைக்கிறார்கள். கழகம் வேறு, அது பழைய அமைப்பு. இங்கே கூடுவது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆவது பிரிவில் உருவாக்கிய அமைப்பு இது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இதன் வேலை.

சட்டப்படி குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் மாணவர் ஒருவரின் தாய்தான் தலைவர். வார்டு கவுன்சிலருக்கும் இடம் உண்டு. 2022இல் 20 பேராக இருந்த குழு, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேரானது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது.

பணத்துக்கு வருவோம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் 'பள்ளி மானியம்' உண்டு. சுண்ணாம்புக்கட்டி, மின்கட்டணம், குழாய் பழுது, ஆய்வகப் பொருள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தொகையை மாணவர் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 30 பேருக்கு மேல் 100 வரை 25,000 ரூபாய். 250 வரை 50,000. அதற்கு மேல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம்.

இந்தப் படிக்கட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 50 பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளிக்குத் தலைக்கு 500 ரூபாய் கிடைக்கிறது. 900 பேர் படிக்கும் புறநகர்ப் பள்ளிக்கு 83 ரூபாய்தான். அந்த 75,000இல் தூய்மைக்கான 7,500 ரூபாயை மாதக் கணக்கில் பிரித்தால் 625. தொள்ளாயிரம் பேர் புழங்கும் கழிப்பறைகளுக்கு பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதில் எத்தனை நாள் வரும்? தென் சென்னைப் புறநகரில் குடியேற்றம் பெருகப் பெருக, இந்தக் கணக்கு இறுகிக்கொண்டே போகும்.

செலவு நடக்கும் முறை எளிது. குழு கூடித் தேவையைப் பேசுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறது. பொருள் வந்ததும் பில்லைச் சரிபார்க்கிறது. 2021க்குப் பிறகு மானியம் பள்ளிக் கணக்கில் ரொக்கமாகத் தங்குவதில்லை. செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படுகிறது; பணம் நேரே விற்பவர் கணக்குக்குப் போகிறது. ஆகவே வரம்பு தாமதமாக வந்தால், நிதியாண்டு முடிவதற்குள் அவசரமாகச் செலவழிக்க நேரும். எது முதலில் வேண்டும் என்று குழு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அந்த அவசரத்திலும் தேவையானதே வாங்கப்படும்.

வகுப்பறைக் கட்டடம், சுற்றுச்சுவர், மழைநீர் வடிகால் போன்றவை இந்தத் தொகைக்குள் அடங்காது. அவற்றுக்குக் குழு தீர்மானம் போட்டு உரிய துறைக்கு அனுப்பலாம், முடிவெடுக்க முடியாது. கவுன்சிலர் உறுப்பினராக இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். பள்ளி வாசலில் தேங்கும் மழைநீருக்கு வழி செய்ய வேண்டியது 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. அந்தத் தீர்மானத்தை மன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடியவர் அவர்.

ஆக, குழுவின் நேரடி அதிகாரம் சிறிய தொகையின் மேல்தான். அதையும் உறுப்பினர்கள் வந்தால்தான் செலுத்த முடியும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தாய், வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வர சம்பளத்தை இழக்க வேண்டியிருக்கும். சில மாதங்களிலாவது கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிப் பார்க்கலாம். வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பள்ளி வாசல் பலகையில் ஒட்டினால், கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோரும் பிள்ளையை விட வரும்போது படித்துவிட்டுப் போவார்கள்.